ஷாங்ஹாயைப் புத்தகங்களில் வாசிப்பது எப்படி? சந்துக்குள்ளிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஷாங்ஹாய் பற்றிய ஆங்கிலப் புத்தகம் எதை எடுத்தாலும் அட்டையில் அநேகமாக ஆற்றங்கரைதான் இருக்கும். மணிக்கூண்டு வைத்த சுங்க மாளிகை, பச்சைக் கூம்புக் கூரை போட்ட சாஸூன் மாளிகை, முன்னால் ஓடும் ஹுவாங்பு ஆறு. உள்ளே போனால் ஜாஸ் இசை, அபின், கும்பல் தலைவன், ரஷ்ய நடனக்காரி. சுவையாகவே இருக்கும். ஆனால் 1930களில் அந்த நகரத்தின் மக்கள் தொகை 30 லட்சத்துக்கு மேல். அதில் வெளிநாட்டவர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே. அட்டைப்படம் அந்த இரண்டு பேருடைய ஊர். மீதிப் பேரில் பெரும்பாலோர் சந்து வீடுகளில் ஒண்டுக் குடித்தனத்திலும், அதுவும் கிடைக்காதவர்கள் நகரின் விளிம்பில் குடிசைகளிலும் காலம் தள்ளினார்கள்.

ஷாங்ஹாய் நாவல்களும் நினைவுக் குறிப்புகளும் ஆய்வு நூல்களும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் அந்தச் சந்து வீடு. அதன் அமைப்பு மனதில் பதிந்துவிட்டால் பாதிப் புத்தகங்கள் தாமாகவே திறந்துகொள்ளும். பதியாவிட்டால் யார் எங்கே நிற்கிறார், ஏன் இவர் பேச்சு அவர் காதில் விழுந்தது என்பதே புரியாமல் பக்கங்கள் நகரும். அதனால்தான் இங்கே வீட்டைப் பற்றிய படி மட்டும் நீளமாக இருக்கிறது.

தேவைப்படுபவை: ஆங்கில வாசிப்பு, ஒரு கோடு போட்ட நோட்டு, நகரத்தின் இன்றைய வரைபடம் ஒன்று, தினமும் முக்கால் மணி நேரம், ஏறக்குறைய 16 வாரம். சீன மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: மூன்று ஊர்களை ஒரே தாளில் வரையுங்கள்

1949க்கு முந்தைய ஷாங்ஹாயை ஒரே நகரமாக நினைத்துக்கொண்டு வாசிப்பதில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. அது மூன்று நிர்வாகங்கள் ஒட்டிக்கிடந்த இடம்.

அபின் போரில் தோற்ற சீனாவின் சிங் அரச குலம் 1842இல் நான்ஜிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 1843 நவம்பரில் ஷாங்ஹாய் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. ஆங்கிலேயர் பகுதியும் அமெரிக்கர் பகுதியும் 1863இல் இணைந்து சர்வதேசக் குடியேற்றம் ஆனது. பிரெஞ்சுக்காரர் 1849இல் பெற்ற பகுதியைக் கடைசிவரை தனியாகவே வைத்துக்கொண்டார்கள். இவற்றைச் சுற்றிலும் சீன நிர்வாகப் பகுதி: தெற்கே மதில் சூழ்ந்த பழைய ஊர், வடக்கே ஜாபெய்.

தாளில் முதலில் ஹுவாங்பு ஆற்றை மேலிருந்து கீழாக வளைத்துப் போடுங்கள். அதில் மேற்கிலிருந்து வந்து சேரும் சுஜோ ஓடையை வரையுங்கள். ஓடைக்கு வடக்கே ஆற்றோரமாக ஹோங்கோ, அதற்கும் கிழக்கே ஆலைகள் நிறைந்த யாங்ஷுபு. ஓடைக்குத் தெற்கே பண்டும் (அட்டைப்படத்தில் வரும் ஆற்றங்கரைச் சாலை) நான்ஜிங் சாலையும். இன்னும் கீழே ஒரு கிடைக்கோடு: இன்றைய யான்ஆன் கிழக்குச் சாலை. ஒரு காலத்தில் அது யாங்ஜிங்பாங் என்ற ஓடை. 1910களில் மூடிச் சாலையாக்கினார்கள். அந்தக் கோட்டுக்கு வடக்கே சர்வதேசக் குடியேற்றம், தெற்கே பிரெஞ்சுப் பகுதி. அதற்கும் கீழே வட்டமாகப் பழைய ஊர். 1912 தொடங்கி அதன் மதிலை இடித்துப் போட்ட வட்டச் சாலை இன்றைய வரைபடத்திலும் அப்படியே தெரியும். ஆற்றுக்குக் கிழக்கே வயலும் கிடங்குமாகப் பூடோங்.

தெருவைத் தாண்டினால் போலீஸ் மாறும், சட்டம் மாறும், டிராம் கம்பெனி மாறும். ரிக்‌ஷாவுக்கு அந்தந்தப் பகுதிக்குத் தனித்தனி உரிமம். திருடனும் புரட்சிக்காரனும் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுவது கதையில் அடிக்கடி வரும், காரணம் இதுதான்.

வரைபடத்தின் ஓரத்தில் இந்த ஆண்டுகளை எழுதி வையுங்கள். 1853–55, சிறுவாள் கலகம்: பழைய ஊரிலிருந்து சீனர்கள் குடியேற்றத்துக்குள் அகதிகளாகக் குவிகிறார்கள், அவர்களுக்காக வாடகை வீட்டு வரிசைகள் எழும்புகின்றன. 1895: வெளிநாட்டவர் ஆலை கட்ட அனுமதி. 1925 மே 30: நான்ஜிங் சாலையில் துப்பாக்கிச்சூடு. 1927 ஏப்ரல் 12: கம்யூனிஸ்டுகள் மீது தேசியக் கட்சித் தலைவர் சியாங் கை-ஷேக்கின் வேட்டை. 1932 ஜனவரி 28: ஜாபெய் மீது ஜப்பானியக் குண்டு. 1937 ஆகஸ்ட் 13: பெரும்போர், அது முடிந்த நவம்பரிலிருந்து 1941 டிசம்பர் வரை குடியேற்றங்கள் மட்டும் ஜப்பானியப் படை சூழத் தனித்து நின்ற காலத்துக்குச் சீனத்தில் 'தனித்தீவு' என்று பெயர். 1949 மே: கம்யூனிஸ்டுகளின் மக்கள் விடுதலைப் படை நுழைவு. 1966: கலாச்சாரப் புரட்சி. 1990: பூடோங் வளர்ச்சி அறிவிப்பு. புதுப் புத்தகம் எடுத்ததும் கதை எந்த ஆண்டில், தாளின் எந்தப் பகுதியில் நடக்கிறது என்று ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்குப் போக வேண்டும்.

படி 2: தெருப் பெயர் அட்டவணை

ஒரே தெருவுக்கு மூன்று பெயர் இருக்கும். குடியேற்ற அதிகாரிகள் வைத்தது, ஊர்க்காரர் வாயில் வழங்கியது, இன்றையது. நோட்டில் மூன்று பத்தி போட்டு, புத்தகத்தில் பெயர் வர வர நிரப்புங்கள். தொடக்கத்துக்கு இவை போதும்.

குதிரைவண்டி போகும் அகலச் சாலைக்கு 'மாலூ' என்று பெயர். பெரிய மாலூ, அதாவது டாமாலூ, நான்ஜிங் சாலை. இரண்டாம் மாலூ ஜியுஜியாங் சாலை, மூன்றாவது ஹான்கோ சாலை, நான்காவதான ஸிமாலூ ஃபுஜோ சாலை, ஐந்தாவது குவாங்டோங் சாலை. பழைய நாவலில் 'நான்காம் மாலூவுக்குப் போனான்' என்று வந்தால் கணிகையர் இல்லம், தேநீர்க்கடை, புத்தகக்கடை எல்லாம் கலந்த தெருவுக்குப் போனான் என்று பொருள்.

பிரெஞ்சுப் பகுதியின் அவென்யூ ஜோஃப்ர் இன்றைய ஹுவாய்ஹாய் மத்திய சாலை. பப்ளிங் வெல் ரோடு நான்ஜிங் மேற்குச் சாலை. அவென்யூ பெத்தேன் ஹெங்ஷான் சாலை. ஜெஸ்ஃபீல்டு ரோடு வான்ஹாங்டு சாலை. ஆம்ஹர்ஸ்ட் அவென்யூ ஷின்ஹுவா சாலை. எட்டாம் எட்வர்டோ ஏழாம் எட்வர்டோ என்று தடுமாற வைக்கும் அவென்யூ எட்வர்ட் (ஏழாமவர்தான்) மேலே சொன்ன யான்ஆன் கிழக்குச் சாலை.

குடியேற்றத்தின் மையத்தில் ஒரு பெயரிடும் விதி உண்டு: வடக்கு–தெற்காகப் போனால் மாகாணத்தின் பெயர், கிழக்கு–மேற்காகப் போனால் நகரத்தின் பெயர். விதிக்கு ஒரே பெரிய முரண் குவாங்டோங் சாலை. மாகாணப் பெயரை வைத்துக்கொண்டு கிழக்கு–மேற்காகப் போகிறது. ஆங்கிலத்தில் கேன்டன் ரோடு. கேன்டன் என்பது அவர்களுக்கு நகரம்.

ஆள் பெயர், இடப் பெயர் எழுத்துக்கூட்டலுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பழைய நூல்களில் ஹாங்கியூ என்றால் ஹோங்கோ, சாபெய் என்றால் ஜாபெய், பூட்டுங் என்றால் பூடோங், ஸிக்காவெய் என்றால் ஷூஜியாஹுய். கும்பல் தலைவர் டு யூவேஷெங்கைப் பழைய நூல்கள் 'தூ யூ-செங்' என்பதுபோல எழுதும். இருவர் என்று நினைத்து இரண்டு பக்கம் குறிப்பெடுப்பவர்கள் உண்டு. எய்லீன் சாங்கும் ஜாங் ஐலிங்கும் ஒரே எழுத்தாளர்தான்.

படி 3: வீட்டைக் குறுக்காக வெட்டி வரையுங்கள்

சந்துக்கு 'லாங்டாங்' என்று பெயர். பெரிய தெருவிலிருந்து வளைவு வழியாக உள்ளே நுழைந்தால் நடுச்சந்து. அதிலிருந்து இரு புறமும் கிளைச்சந்துகள். அவற்றில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசலுக்குக் கல் சட்டம், அதற்குள் கறுப்பு இரட்டைக் கதவு, கதவில் வளையம். கல் சட்டம் வைத்த இந்த வகை வீட்டுக்குத்தான் 'ஷிகுமென்' என்று பெயர். முகவரி இன்றும் 'தெரு – சந்து எண் – வீட்டு எண்' என்று மூன்று அடுக்காக வரும்.

இப்போது முன்கதவிலிருந்து பின்கதவுவரை ஒரு நீளக் கோடு போட்டு, ஒற்றைக்கட்டு வீட்டை வரைவோம்.

முன்கதவைத் திறந்ததும் சிறு முற்றம். நம் ஊர் முற்றம் வீட்டின் நடுவே இருக்கும்; இங்கே அது கதவை ஒட்டி முன்னால். முற்றத்தைத் தாண்டிக் கீழ்க்கூடம். கூடத்துக்குப் பின்னால் செங்குத்தான மரப்படி, அதற்கும் பின்னால் சமையலறை, பிறகு பின்கதவு. கூடத்துக்கு மேலே மாடியின் முன்னறை: வெயில் வரும், வீட்டிலேயே நல்ல அறை இதுதான். சமையலறையின் கூரை தாழ்வானது. அதனால் அதற்கு மேலே உள்ள அறை மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில் தொங்கும். அதன் பெயர் 'திங்ஸிஜியென்'. இந்தச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் நூறு சதுர அடியைச் சுற்றி இருக்கும், ஜன்னல் வடக்குப் பார்த்தது. கீழே அடுப்பு, மேலே துணி காயப்போடும் மொட்டை மாடி. கோடையில் இரு பக்கமும் வேகும், பனிக்காலத்தில் உறையும். வாடகை குறைவு. கையில் காசில்லாத எழுத்தாளர்களும் மாணவர்களும் குடியிருந்த இடம் என்பதால் 'திங்ஸிஜியென் எழுத்தாளர்' என்றே ஒரு சொல் பிறந்தது.

கட்டும்போது இந்த வீடு ஒரு குடும்பத்துக்கென்று திட்டமிடப்பட்டது. போரும் அகதிகளும் வாடகையும் ஏற ஏற, முழு வீட்டை எடுத்தவர் அறை அறையாக உள்வாடகைக்கு விட்டார். இவர் 'இரண்டாம் வீட்டுக்காரர்'. உண்மையான சொந்தக்காரரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சண்டை எல்லாம் இவரோடுதான். கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து முன்பாதி, பின்பாதி. உயரமான அறைக்குள் பரண் போட்டு அதிலும் ஒரு குடும்பம். படிக்கட்டுக்கு அடியிலும் ஆள். வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. மூடி போட்ட மரக்கழிவுக்கலம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. விடியுமுன் அள்ளுபவர் குரல் கொடுக்க, கலங்கள் சந்துக்கு வரும். அதன் பிறகு நிலக்கரி உருண்டை அடுப்புகள் சந்தில் வரிசையாகப் புகையும். சுடுநீரைக் காசு கொடுத்து வாங்கச் சந்து முனையில் 'புலி அடுப்பு' என்ற கடை.

சமையலறையில் ஒரு காட்சியைக் கவனியுங்கள். நான்கு குடும்பம் சமைக்கும் இடம் என்றால் கூரையில் நான்கு பல்பு தொங்கும். ஒவ்வொன்றின் ஒயரும் அவரவர் அறைக்குப் போய் அவரவர் மீட்டரில் சேரும். தன் பல்பை மட்டும் போட்டுக்கொண்டு ஒருவர் சமைப்பார். அவர் முடித்துவிட்டு விளக்கை அணைத்தால் பக்கத்தில் நிற்பவர் தன் அறைக்குப் போய்த் தன் சுவிட்சைப் போட வேண்டும். ஒரு நாவலில் பாத்திரம் ஒன்று இருட்டில் சமையலறையில் நிற்கிறது என்று வந்தால், அது மனநிலை வர்ணனையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

இந்த வரைபடம் கையில் இருக்க, எழுத்தாளர் லூ சுன் வைத்த ஒரு தலைப்பைப் பாருங்கள். அவர் 1933 முதல் 1936இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு இன்றைய ஷான்யின் சாலை, சந்து 132, எண் 9. அந்தச் சாலை சர்வதேசக் குடியேற்றம் தன் எல்லைக்கு வெளியே போட்டது. சாலை அவர்கள் கையில், சுற்றிலும் நிலம் சீனர் கையில். பாதிக் குடியேற்றம். குடியேற்றப் பகுதிக்குச் சீனச் சொல் 'ஸூஜியே', இரண்டு எழுத்து. முதலெழுத்தின் வலப்பாதியையும் இரண்டாம் எழுத்தின் கீழ்ப்பாதியையும் மட்டும் எடுத்து 'சியேஜியே' என்று ஆக்கி, பின்னால் திங்ஸிஜியெனின் 'திங்' சேர்த்துத் தன் கட்டுரைத் தொகுதிக்குப் பெயரிட்டார்: சியேஜியேதிங். பாதிக் குடியேற்றத்து ஒட்டறை என்று சொல்லலாம். அரசியலும் முகவரியும் வாடகையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

இந்தப் படிக்குத் துணை நூல் ஒன்றே ஒன்று: ஹான்சாவ் லூ எழுதிய 'பியாண்ட் த நியான் லைட்ஸ்' (1999). ரிக்‌ஷா இழுப்பவர், குடிசைப் பகுதி, ஷிகுமென் வீடு, சந்துமுனைக் கடைகள் என்று போகும். நான்ஜிங் சாலையின் பகட்டைத் தாண்டி, பெரும்பாலோர் தங்கள் சந்தைச் சுற்றிய சில தெருக்களுக்குள்ளேயே வாழ்க்கையை நடத்தினார்கள் என்பது அவர் வாதம். இந்த நூலை முழுவதும் வாசியுங்கள். மற்ற ஆய்வு நூல்களில் வேண்டிய அத்தியாயங்கள் மட்டும் போதும்.

படி 4: ஆண்டு, வயது, பணம், நிலம்

'மின்குவோ 22' (குடியரசின் 22ஆம் ஆண்டு) என்று வந்தால் 1911ஐக் கூட்டுங்கள்: 1933. 'குவாங்ஷு 18' (பேரரசர் குவாங்ஷுவின் 18ஆம் ஆட்சியாண்டு) என்று வந்தால் 1874ஐக் கூட்டுங்கள்: 1892. நம் பிரபவ முதல் அட்சய வரையான 60 ஆண்டுச் சுழற்சியைப் போல அவர்களுக்கும் ஒன்று உண்டு. ஷின்ஹாய் ஆண்டு என்றால் 1911, அரச குலம் வீழ்ந்த ஆண்டு.

வயதில் ஒன்றோ இரண்டோ கழியுங்கள். பிறந்ததும் ஒரு வயது, சந்திரப் புத்தாண்டில் இன்னொன்று கூடும்.

பணம்தான் அதிகம் சறுக்கும் இடம். 1933க்கு முன் பெருங்கணக்குகள் வெள்ளி எடையில், லியாங்கில் ஓடின. சில்லறை வாழ்க்கை வெள்ளி நாணயத்தில். 1935இல் 'ஃபாபி' என்ற காகித நாணயம். அது வீங்கி வெடித்து, 1948 ஆகஸ்டில் 30 லட்சம் ஃபாபிக்கு ஒரு 'தங்க யுவான்' என்று மாற்றினார்கள். அதுவும் சில மாதங்களில் குப்பையானது. ஆகவே 1940களின் பிற்பகுதிக் கதைகளில் வீட்டு முன்பணமே தங்கக் கட்டியில்தான். 'பெரிய மஞ்சள் மீன்' என்பது 10 லியாங், 'சின்ன மஞ்சள் மீன்' ஒரு லியாங். ஒரு லியாங் 31.25 கிராம். நம் 8 கிராம் பவுனில் சின்ன மீன் ஏறக்குறைய 4 பவுன், பெரிய மீன் 39 பவுன். ஒரு பாத்திரம் பெட்டிக்கடியில் தங்கக் கட்டிகளை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டு தொடாமல் வாழ்கிறாள் என்றால் அவள் எதைக் காக்கிறாள் என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் உறைக்கும்.

நிலம் 'மு' கணக்கில் வரும். ஒரு மு சுமார் 667 சதுர மீட்டர், பதினாறரை சென்ட்.

படி 5: ஒரு நாவல், அதே காலத்துக்கு ஓர் ஆய்வு நூல்

நாவலை மட்டும் வாசித்தால் நகரம் முழுக்கக் காதலும் துரோகமும். ஆய்வு நூலை மட்டும் வாசித்தால் பதினைந்து நாளில் நோட்டு மூலைக்குப் போய்விடும். இரண்டையும் ஜோடியாக வாசியுங்கள், நாவலை முன்னால் வைத்து.

*1930, ஆலையும் பங்குச் சந்தையும்.* மாவ் துன் எழுதிய 'மிட்நைட்' 1933இல் வந்தது. கிராமத்திலிருந்து மகன் வீட்டுக்குக் காரில் அழைத்துவரப்படும் கிழவர், 25 ஆண்டு படிப்பறையை விட்டு வெளியே வராதவர், கையில் நீதிநூலை இறுக்கிக்கொண்டு நியான் விளக்கையும் கார் வெளிச்சத்தையும் பார்த்து அதிர்ந்து அன்றிரவே இறந்துபோகிறார். அதன் பிறகு கதை பட்டு ஆலை முதலாளி வூ சுன்ஃபூவின் கையில். நடுப்பகுதியில் அரசுக் கடன்பத்திரச் சூதாட்டம் வரும்போதுதான் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சாவி எளிது: அந்த ஆண்டு வடக்கே சியாங் கை-ஷேக்குக்கும் ஃபெங் யூஷியாங், யான் ஷிஷான் ஆகிய படைத்தலைவர்களுக்கும் போர். சியாங்கின் நான்ஜிங் அரசு ஜெயிக்கும் என்ற சேதி வந்தால் பத்திரம் ஏறும், தோற்கும் என்றால் இறங்கும். பணம் கொடுத்துப் படையை 30 லி (ஏறக்குறைய 15 கிலோமீட்டர்) தூரம் பின்வாங்க வைக்கும் பேச்சுகூட அதனால்தான் வருகிறது. ஜோடி நூல்: எமிலி ஹோனிக்கின் 'சிஸ்டர்ஸ் அண்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (1986), பருத்தி ஆலைப் பெண்கள் பற்றியது. மாவ் துன்னின் தொழிலாளிகள் ஒரே வர்க்கமாக எழுகிறார்கள். ஹோனிக்கின் தொழிலாளிகள் எந்த ஊர்க்காரி என்பதை வைத்து ஒருத்தியை ஒருத்தி ஒதுக்குகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்தான் ருசி.

இங்கே நோட்டில் இன்னொரு பத்தி திறங்கள்: சொந்த ஊர். ஷாங்ஹாய்க்காரர் என்று சொல்லிக்கொள்பவர் அநேகமாக வந்தேறியின் பிள்ளை. நிங்போ என்றால் வங்கி, தையல். குவாங்டோங் என்றால் பெரிய பல்பொருள் அங்காடி. வடக்கு ஜியாங்சு, அதாவது சூபெய் என்றால் ரிக்‌ஷா, சவரம், குளியல் கூடம், கழிவு அள்ளுதல். 'சூபெய்க்காரன்' என்பது வசவாகவே வழங்கியது. பாத்திரத்தின் ஊர் வந்ததும் எழுதிக்கொண்டால் அடுத்த அத்தியாயத்தில் அவருக்கு ஏன் பெண் கொடுக்க மறுத்தார்கள் என்பது தானே தெரியும். ஹோனிக் இதற்கென்றே 1992இல் 'கிரியேட்டிங் சைனீஸ் எத்னிசிட்டி' எழுதினார்.

*1943, ஜப்பானிய ஆக்கிரமிப்புக்குள்.* எய்லீன் சாங்கின் 'சீல்டு ஆஃப்' சிறுகதை ஒரே உட்காரலில் முடியும். தடையுத்தரவுச் சங்கு ஒலிக்க, டிராம் நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் ஓர் ஆணும் பெண்ணும் பேசத் தொடங்குகிறார்கள், தடை நீங்குகிறது. அவ்வளவுதான் கதை. போரைப் பற்றிய வர்ணனை அநேகமாக இல்லை, ஆனால் போர் இல்லாமல் அந்த டிராம் நின்றிருக்காது. பிறகு அவருடைய கட்டுரைத் தொகுதி 'ரிட்டன் ஆன் வாட்டர்'. அடுக்குமாடி வாழ்க்கை பற்றிய கட்டுரையை முதலில் எடுங்கள்: டிராம் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும் என்கிறவரின் நகரம் அது. ஜோடிக்கு ஃப்ரெடரிக் வேக்மனின் 'த ஷாங்ஹாய் பேட்லேண்ட்ஸ்' (1996): தனித்தீவுக் காலத்துக் கொலைகளும் கடத்தல்களும்.

*1946 முதல் 1986, ஒரே பெண்ணின் வாழ்க்கை.* வாங் அன்யியின் 'த ஸாங் ஆஃப் எவர்லாஸ்டிங் ஸாரோ' சீனத்தில் 1995, ஆங்கிலத்தில் 2008. மிஸ் ஷாங்ஹாய் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்த வாங் சியாவோவின் கதை. முதல் நான்கு சிறு அத்தியாயங்களில் கதையே இல்லை: சந்து, வம்பு, பெண்பிள்ளைகளின் அறை, புறாக்கள். பொறுமை இழந்து தாண்டிப் போகாதீர்கள். படி 3இல் வரைந்த படத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக வாசியுங்கள். நகரம் பற்றி எழுதப்பட்ட சிறந்த பக்கங்களில் இவை உண்டு என்பது எங்கள் தீர்மானம். நடுப்பகுதியில் 1957 பனிக்காலம் வருகிறது. வெளியே 'வலதுசாரிகள்' என்று முத்திரை குத்தி ஆள் பிடிக்கும் அரசு வேட்டை. உள்ளே நான்கு பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தின்பண்டம் சுட்டுக்கொண்டு மாஜாங் ஆடுகிறார்கள். அரசியல் இயக்கத்தின் பெயர்கள் அநேகமாக வராது. வரலாறு தெரியாமல் வாசித்தால் அது வெறும் தேநீர் விருந்து.

*1966–76.* நியென் செங்கின் 'லைஃப் அண்ட் டெத் இன் ஷாங்ஹாய்'. ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் ஆலோசகர், 1966இல் கைதாகி 1973இல் வெளியே வந்தவர், அதற்குள் மகளை இழந்தவர். விசாரணைக் காட்சிகள் பிடித்திழுக்கும். ஆனால் வீடு மாறும் விதத்தையும் கவனியுங்கள்: பீங்கானும் சமையல்காரரும் இருந்த தனி வீட்டிலிருந்து, விடுதலைக்குப் பின் பிறர் கண்காணிப்பில் கீழ்வீட்டுக்காரரோடு பங்கு போடும் மாடி அறைகளுக்கு. இது மேல்தட்டின் சன்னல். எதிர்ச்சன்னலுக்கு எலிசபெத் பெரியும் லீ ஷுனும் எழுதிய 'ப்ரோலட்டேரியன் பவர்' (1997): சிவப்புப் பட்டை கட்டிய தொழிலாளர்கள் எந்த ஆலையிலிருந்து, எந்த மனக்குறையோடு வந்தார்கள் என்று பிரித்துக் காட்டும்.

*1990 முதல்.* சியு ஷியாவோலோங்கின் துப்பறியும் நாவல் 'டெத் ஆஃப் எ ரெட் ஹீரோயின்' (2000). கொலை யார் செய்தது என்பதைவிட, யாருக்கு எத்தனை சதுர மீட்டர் வீடு ஒதுக்கினார்கள் என்பதைப் பின்தொடருங்கள். இன்ஸ்பெக்டர் சென்னுக்குப் புதுக் குடியிருப்பு. அவருக்குக் கீழே வேலை செய்யும் யூ, மனைவி மகனோடு ஒற்றை அறையில். அந்தக் கசப்பில்தான் இருவர் உறவே ஓடுகிறது. ஜோடி: ஜியே லீயின் 'ஷாங்ஹாய் ஹோம்ஸ்' (2014), யாங்ஷுபுவின் இரண்டு சந்துகள் பற்றி, சின் ஷாவோவின் 'ஷாங்ஹாய் கான்' (2013), வீடு இடிபட்டவர்களின் வழக்குகளும் எதிர்ப்பும் பற்றி. 'பூடோங்கில் ஒரு வீட்டைவிட பூஷியில் ஒரு கட்டில் மேல்' என்ற ஊர்ப் பழமொழி இதற்குச் சற்று முன்புவரை உண்மை. பூஷி என்றால் ஆற்றுக்கு மேற்கு.

கடைசியாக ஜின் யூசெங்கின் 'ஃபான்ஹுவா' (2013). முதலாளி வீட்டுப் பிள்ளை ஆபாவ், ராணுவ அதிகாரி வீட்டுப் பிள்ளை ஹூஷெங், தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஷியாவ்மாவ். 1960களும் 1990களும் மாறி மாறி. சீனம் தெரிந்தவர்களுக்கு இதுவே உச்சம். மேற்கோள் குறி இல்லாமல் உரையாடல் ஓடும். 'பதில் சொல்லவில்லை' என்ற பொருளில் 'பூ ஷியாங்' என்பது ஆயிரம் தடவைக்கு மேல் வரும். ஒவ்வொரு தடவையும் அந்த மௌனம் வேறு. வாங் கர்-வாயின் 2023 தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து நூல் வாசித்த கணக்கில் சேர்க்க வேண்டாம். தொடர் பெரும்பாலும் 1990களின் பணக்கதை.

ஹான் பாங்சிங்கின் 'த ஸிங்-ஸாங் கேர்ள்ஸ் ஆஃப் ஷாங்ஹாய்' (1892இல் தொடராக வந்தது, 64 அத்தியாயம்) காலத்தால் முதலில் வரும். ஆனால் அதை முதலில் எடுப்பதே தவறு. பெயர்கள் டஜன் கணக்கில் வந்து மோதும்; யார் யாருக்கு எதற்கு விருந்து வைக்கிறார் என்பது ஐம்பதாம் பக்கம்வரை பிடிபடாது. மற்றவை முடிந்த பின், ஒவ்வொரு கணிகைக்கும் நிரந்தர வாடிக்கையாளர் யார் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். 'சாங்சான்' என்றால் உயர்தட்டு, 'யாவ்ஆர்' என்றால் அடுத்த தட்டு.

எங்கே தவறிப்போகும்

ஜே.ஜி. பல்லார்டின் 'எம்பயர் ஆஃப் த ஸன்' நாவல், சுயசரிதை அல்ல. கதைச் சிறுவன் பெற்றோரைப் பிரிந்து, ஜப்பானியர் வெளிநாட்டவரை அடைத்த லுங்ஹுவா முகாமில் இருக்கிறான். பல்லார்டு அதே முகாமில் பெற்றோரோடு இருந்தார்.

'நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை' என்ற பலகை பண்டில் இருந்த பூங்காவில் தொங்கியதாகப் பல நூல்கள் சொல்லும். சீனர்கள் 1928வரை அங்கே விலக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் விதிப்பட்டியலில் பூங்கா வெளிநாட்டவருக்கு என்பது ஒரு விதி, நாயும் சைக்கிளும் கூடாது என்பது வேறொரு விதி. இரண்டையும் ஒட்டிய அந்த வாசகத்தோடு பலகை இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. ஒரு நூலாசிரியர் இந்த இடத்தை எப்படிக் கடக்கிறார் என்று பாருங்கள். மற்ற தகவல்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அது நல்ல உரைகல்.

'சிவப்புத் தலை ஆ-சான்' ('ஆ-சான்' சீனச் சொல், குரு என்ற பொருள் இல்லை) என்று பழைய கதைகளில் ஒருவர் வந்தால் அவர் தலைப்பாகை கட்டிய சீக்கியப் போலீஸ்காரர். சர்வதேசக் குடியேற்றத்தின் காவல்படையில் பஞ்சாபியர் 1880களிலிருந்தே இருந்தார்கள். 1925 மே 30 துப்பாக்கிச்சூட்டில் சுட்டவர்களில் அவர்களும் உண்டு. ஆற்றங்கரை மாளிகையைக் கட்டிய சாஸூன் வணிகக் குடும்பத்தின் பணமும் பம்பாய் வழியாக, அபினோடு வந்தது. நூல்களில் நம் நாட்டவர் கேலிச்சித்திரமாக வரும் இடங்களைக் கோபப்பட்டுத் தாண்டாமல், சாவ் யினின் 'ஃப்ரம் போலீஸ்மென் டு ரெவல்யூஷனரீஸ்' (2017) வாசியுங்கள்.

பதிப்பாண்டையும் பாருங்கள். 1990களுக்குப் பின் 'பழைய ஷாங்ஹாய்' ஏக்கம் ஒரு வியாபாரம். பளபளப்புத் தாளில் வந்த படநூல்களில் கழிவுக்கலம் இருக்காது.

வாரக் கணக்கும் நூல் கிடைக்கும் வழியும்

முதல் வாரம் வரைபடமும் தெரு அட்டவணையும், கூடவே மாரி-க்ளேர் பெர்ஜேரின் 'ஷாங்ஹாய்: சைனாஸ் கேட்வே டு மாடர்னிட்டி' நூலின் 1911 வரையான பகுதி. 2, 3 ஹான்சாவ் லூ. 4 முதல் 6 மாவ் துன்னும் ஹோனிக்கும். 7 எய்லீன் சாங், 8 வேக்மன். 9 முதல் 11 வாங் அன்யி, அவசரப்படாதீர்கள். 12, 13 நியென் செங்கும் பெரியும். 14 சியு ஷியாவோலோங், 15 ஜியே லீ, 16 சின் ஷாவோ. பெர்ஜேரின் மீதிப் பகுதியை ஒவ்வொரு காலம் முடிந்ததும் அந்தந்த அத்தியாயமாக இடையில் நுழைத்துக்கொள்ளுங்கள். ஹான் பாங்சிங் அதற்குப் பிறகு, தனியாக ஒரு மாதம்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைப் பதிப்பகத்தின் இலவச மின்னூல் தொகுப்பில் வேக்மனின் 'போலீஸிங் ஷாங்ஹாய்', ப்ரைனா குட்மனின் 'நேட்டிவ் ப்ளேஸ், சிட்டி, அண்ட் நேஷன்' இரண்டும் முழுமையாக இருக்கின்றன. சொந்த ஊர்ச் சங்கங்களுக்கு இரண்டாவது இன்றியமையாதது. பழைய வரைபடங்களுக்கும் படங்களுக்கும் வரலாற்றாசிரியர் க்ரிஸ்டியன் ஆன்ரியோ குழுவின் 'வர்ச்சுவல் ஷாங்ஹாய்' தளம். அங்கே ஒரு தெருவைத் தேடும் முன் உங்கள் அட்டவணையைத் திறந்து அதன் பழைய பெயரைப் பாருங்கள். 1930களின் வரைபடத்தில் ஹுவாய்ஹாய் சாலை என்று தேடினால் எதுவும் கிடைக்காது. ஜோஃப்ர் என்று தேட வேண்டும்.